பில்டரில் டிக்காஷன் பத்து சொட்டோடு நின்றுவிடுகிறது, என்ன செய்வது?

காலைக்காபி:
வணக்கம். ஒரு மாதமாக இதே தொல்லை. எவர்சில்வர் பில்டர், இரண்டு பேருக்கான சின்னது. மூன்று ஸ்பூன் தூள் போட்டு, கொதித்த தண்ணீரை ஊற்றி மூடினால் பத்து சொட்டு இறங்கி நின்றுவிடுகிறது. அரை மணி கழித்துத் திறந்தால் மேலே தண்ணீர் ஊற்றிய அளவிலேயே நிற்கிறது. ஆனால் சில நாள் ஒழுங்காக இறங்குகிறது. அதே தூள், அதே தண்ணீர், அதே கை. கவனித்ததில் ஒன்று: ராத்திரியே கழுவிக் கவிழ்த்து வைத்த நாளில் தொல்லை இல்லை. காலையில் அவசரமாகக் கழுவி ஈரத்தோடு போட்டால்தான் நிற்கிறது. பில்டருக்கும் மூட் உண்டு என்கிறாள் மனைவி. யாருக்காவது காரணம் தெரியுமா?

மாம்பலத்து மாமி:
தூள்தான் காரணம். அரைக்கும்போது பில்டருக்கு என்று சொன்னீர்களா? மாவு மாதிரி நைஸாக அரைத்துக் கொடுத்தால் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்ளும். சிக்கரி எவ்வளவு? அது தண்ணீர் பட்டதும் ஊறிப் பிசுபிசுத்துவிடும். கலவைத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம். அதாவது 49 வரை சிக்கரி இருக்கலாம். அதைப் போட்டுத் தட்டால் அழுத்தினால் சேறுதான் மிஞ்சும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், விகிதம் போட்டிருக்கும்.

காலைக்காபி:
நன்றி மாமி. 80-20 தான், ஒரே கடையில் வருஷக்கணக்காக வாங்குகிறேன். தட்டை அழுத்துவது உண்மை. ஆனால் நல்லபடியாக இறங்கும் நாளிலும் அழுத்தத்தானே செய்கிறேன்?

லேத்துப் பட்டறை:
சார், ஈரம் என்று நீங்களே துப்புக் கொடுத்துவிட்டீர்கள். மாமி சொன்னதும் தப்பில்லை, ஆனால் தூள் காரணமென்றால் தினமும் நிற்க வேண்டும்.

மேலே இருந்து ஒரு சொட்டு விழ வேண்டுமானால் கீழ்ப் பாத்திரத்தில் இருக்கும் காற்று அந்த அளவுக்கு வெளியேற வேண்டும். அதற்கு வழி, இரண்டு பாத்திரமும் சேரும் இடத்தில் இருக்கும் மெல்லிய இடுக்கு மட்டும்தான். புதுசு போல இறுக்கமாக உட்காரும் பில்டரில் அந்த விளிம்பு ஈரமாக இருந்தால், தண்ணீர்ப் படலம் இடுக்கை அடைத்துவிடும். வாஷர் போட்ட மாதிரி ஆகிவிடும்.

இதற்குப் பெரிய அழுத்தமெல்லாம் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே நிற்கும் தண்ணீர் 5 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கீழே 200 மில்லி காற்று. அந்தக் காற்று 1 மில்லி சுருங்கினாலே போதும், மேலே இருக்கும் தண்ணீரைத் தாங்கிப் பிடித்துவிடும். உங்கள் பத்து சொட்டு கிட்டத்தட்ட அரை மில்லி வரும், பாருங்கள்! போதாததற்கு, சூட்டில் அந்தக் காற்று விரியவும் பார்க்கும்.

நாளைக்கு வேண்டுமென்றே ஈரத்தோடு போடுங்கள். நின்றதும் மேல் பாத்திரத்தைத் துணியால் பிடித்து ஒரு நூல் அளவு தூக்கி வையுங்கள்.

தஞ்சாவூர்க்காரன்:
அட, எங்கள் பாட்டி பில்டர் தலையில் கரண்டிக்காம்பால் நாலு தட்டுத் தட்டுவாள். "எழுந்திருடி" என்று வேறு சொல்வாள். விஷயம் இதுதானா!

லேத்துப் பட்டறை:
அதேதான் தம்பி. தட்டினால் விளிம்பு அசையும், படலம் விட்டுப்போகும், காற்று வெளியே வரும்.

காலைக்காபி:
இன்று காலை செய்து பார்த்தேன். நின்றது. தூக்கினேன். 'புஸ்' என்று ஒரு சின்னச் சத்தம், உடனே சடசடவென்று சொட்ட ஆரம்பித்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் தூக்கத்தில் இருந்தாள், திட்டு வாங்கினேன்.
இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். பாதி இறங்கியதும் வேகம் ரொம்பக் குறைகிறது. முழுக்க இறங்க முக்கால் மணி ஆகிறது. இதுவும் காற்றா?

லேத்துப் பட்டறை:
தண்ணீர் மட்டம் குறையக் குறைய வேகம் குறையும், அது இயல்பு. ஆனால் முக்கால் மணி அதிகம். மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி ஓட்டைகளைப் பாருங்கள்.

காலைக்காபி:
பார்த்தேன். நடுவில் வெளிச்சம் தெரிகிறது, ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டை இருட்டு. பழுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது.

மாம்பலத்து மாமி:
அப்போது என் பேச்சும் பாதி சரி! காபி எண்ணெயும் தூளும் சேர்ந்த கசடு அது. நன்றாகக் காய்ந்த பிறகு அடிப்பக்கத்தைச் சின்ன நெருப்பில் ஒரு நிமிடம் காட்டுங்கள், கருகி உதிரும். ஆறியதும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். எவர்சில்வர் என்பதால் சொல்கிறேன். உள்ளே வெள்ளீயம் பூசிய பித்தளை பில்டர் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது. பூச்சு 232 டிகிரியிலேயே உருகிவிடும்.
போர் தண்ணீர் என்றால் வெள்ளை உப்பும் படிந்திருக்கும். அது நெருப்புக்கு அசையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் வினிகர் கலந்து ஊறப்போடுங்கள்.

காலைக்காபி:
செய்துவிட்டேன். விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் இப்போது பூட்டுகிறேன். இன்று பதினெட்டு நிமிடம். பால் பொங்கி வழிந்துவிட்டது, டிக்காஷனையே பார்த்துக்கொண்டு நின்றதில்.