பேருந்து வாசலில் அல்ட்ரா வைட்பேண்ட் கட்டணக் கருவி: ஏறாதவருக்கும் கட்டணம் பதிவாகிறது, உதவி தேவை

கேள்வி: மண்டபம் மாணவன்

வணக்கம். நான் இறுதியாண்டு மின்னணுவியல் மாணவன். சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுக்காமலேயே பேருந்துக் கட்டணம் கழிய வேண்டும் என்பதுதான் எங்கள் குழுவின் புராஜெக்ட். கல்லூரிப் பேருந்தின் முன்வாசலுக்கு மேலே டிடபிள்யூ 3000 என்னும் அல்ட்ரா வைட்பேண்ட் சில்லு (ரேடியோ அலை சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளப்பது) பொருத்திய பலகை ஒன்றை வைத்திருக்கிறோம். இப்போதைக்குக் கைபேசிக்குப் பதிலாக அதேபோன்ற இன்னொரு பலகையைப் பயணியின் பையில் வைத்து, தொலைவு ஒன்றரை மீட்டருக்குள் வந்தால் ‘ஏறிவிட்டார்’ என்று பதிகிறோம்.

ஆய்வகத்தில் ஒழுங்காக வேலை செய்த இந்த ஏற்பாடு உச்சிப்புளி நிறுத்தத்தில் தடுமாறுகிறது. வாசலருகே வந்து ஓட்டுநரிடம் வழி கேட்டுவிட்டு விலகியவருக்கும் கட்டணம் விழுகிறது. ஏறி உள்ளே நெரிசலில் நிற்பவரோ கணக்கில் வராமல் போகிறார். போதாக்குறைக்கு, காலையில் சரியாக இருக்கும் அளவு உச்சி வெயிலில் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டுகிறது. ஆன்டெனாவை மாற்ற வேண்டுமா?

பதில்: பரமக்குடி மின்னணு

ஆன்டெனாவில் கை வைக்காதீர்கள். உங்கள் நிரல் ஒருபக்க அளவீட்டு முறையில், அதாவது ஒரு பலகை மட்டும் கேட்டு மறுமொழி வரும் நேரத்தை அளக்கும் முறையில், எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியோ அலை ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 30 செ.மீ. செல்கிறது. இரு பலகைகளின் படிகக் கடிகாரங்களுக்கு இடையே பத்து இலட்சத்தில் 10 பங்கு வேறுபாடு இருந்து, மற்ற பலகை மறுமொழி தர 1 மில்லி நொடி ஆகுமானால், போக வர ஆகும் நேரத்தில் பாதியை எடுப்பதால் பிழை 5 நானோ நொடியாகி, தொலைவில் ஒன்றரை மீட்டராக வெளிப்படும். படிகத்தின் அதிர்வெண் வெப்பத்தால் நகரும் என்பதால், ஓட்டுநர் தலைக்கு மேல் காயும் தகரத்தில் ஒட்டிய பலகையும் பையில் இருக்கும் பலகையும் மதியத்தில் ஒத்துப்போகாததில் வியப்பில்லை. இரு பலகைகளும் தத்தம் பக்கம் நேரத்தை அளக்கும் இருபக்க இருவழி அளவீட்டுக்கு மாறினால் இந்தப் பிழை பெரும்பாலும் தானாகவே கழிந்துவிடும்.

நெரிசலில் காணாமல் போவது வேறு சிக்கல். 6.5 அல்லது 8 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடல் நன்றாகவே விழுங்கிவிடும். நேர்வழி அடைபட்டதும் இரும்புக் கூரையில் பட்டுச் சுற்றி வந்த அலையைச் சில்லு முதல் அலையென்று எடுத்துக்கொண்டு தொலைவைக் கூட்டிக் காட்டும். கூரையின் நடுவில் ஒன்றும் பின்வாசலில் ஒன்றுமாக மேலும் இரு பலகைகள் வையுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற நடத்துநர், இராமேசுவரம்

தம்பி, எனக்கு உங்கள் சில்லு தெரியாது, வாசல் தெரியும். எங்கள் தடத்தில் வாசலில் நிற்கிறவரெல்லாம் பயணி அல்ல. கூடையை ஏற்றிவிட வந்தவர், இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பவர், படியில் தொங்கிக்கொண்டு வரும் மாணவர் என எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். வண்டி நகர்ந்து, நிறுத்தம் பின்னால் போன பிறகு உள்ளே யார் இருக்கிறாரோ அவருக்குத்தான் நான் சீட்டுக் கிழிப்பேன். உங்கள் கருவி ஏன் வாசலிலேயே அவசரப்படுகிறது?

இன்னொன்று. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் கணக்குக்காக அவர்களுக்கும் சீட்டு உண்டு. இடுப்பில் சுருக்குப்பையும் தலையில் மீன் நிறைந்த அலுமினிய அன்னக்கூடையுமாக ஏறும் அம்மாவிடம் கைபேசியே இல்லாமல் இருக்கலாம். அவரையும் எண்ண ஒரு வழி வையுங்கள்.

பதில்: பரமக்குடி மின்னணு

ஐயா சொன்னதுதான் சரியான தீர்வு, நிரலிலும் எளிது. வாசலில் ‘ஏறியிருக்கலாம்’ என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் கணக்கில் பேருந்து 200 மீட்டர் கடந்த பின்னும் மூன்று பலகைகளில் ஏதேனும் ஒன்றுக்கு அந்தக் கருவி சில மீட்டருக்குள் நீடித்தால் பயணம் தொடங்கியதாகப் பதியுங்கள். வழி கேட்டு விலகியவர் அதற்குள் எட்டாத தொலைவுக்குப் போய்விடுவார். இறங்குவதையும் இதே முறையில், அடுத்த நிறுத்தம் தாண்டிய பிறகே முடிவு செய்யுங்கள். சியோல் நகரின் உய்-சின்சோல் இரயில் தடத்தில் 2023 முதல் கைபேசியை எடுக்காமலே கடக்கும் முறை புளூடூத்தில் இயங்குகிறது என்றாலும், அங்கே ஒவ்வொருவரும் குறுகிய வாயில் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வசதி நம் பேருந்துக்குக் கிடையாது.

மண்டபம் மாணவன்

மிக்க நன்றி. இருபக்க முறைக்கு மாற்றியதும் மதிய நேரத் தள்ளல் பெருமளவு அடங்கிவிட்டது. ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. தனுஷ்கோடிப் பக்கம் கைபேசி சில நேரம் இலங்கைக் கோபுரத்தின் சிக்னலைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது பணம் எப்படிக் கழியும்?

பதில்: பரமக்குடி மின்னணு

அல்ட்ரா வைட்பேண்ட் தொலைவை மட்டுமே அளக்கிறது. பணத்துக்குத் தனி வழி வேண்டும். 2019-இல் அறிமுகமான தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டையில் இருப்புத் தொகை அட்டையின் சில்லிலேயே இருப்பதால், இணையம் இல்லாத இடத்திலும் கட்டணம் கழிகிறது. அதே பாணியில், முன்பணம் கட்டியவரின் இருப்பைச் செயலியில் பாதுகாப்பாக வைத்து, பயணப் பதிவைப் பேருந்துக் கருவியில் சேமித்து, பணிமனைக்குத் திரும்பியதும் கணக்குத் தீருங்கள். அளவீட்டில், அல்ட்ரா வைட்பேண்டுக்கான 802.15.4இசட் தரத்தின் மறைகுறியிட்ட நேரமுத்திரையை இயக்க மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், உண்மையில் இல்லாத அருகாமையைப் போலி சிக்னலால் காட்டி, வீட்டில் இருப்பவர் பெயரிலும் கட்டணம் விழச் செய்ய முடியும்.