புதுப்பிப்பு: காவேரிப்பட்டணத்துத் தம்பியின் கிட்டார்

கிட்டார் வாசித்துச் சொந்தமாகப் பாட்டும் எழுதும் காவேரிப்பட்டணத்துத் தம்பிக்குச் சுருதி குரலுக்குச் சேரவில்லை, ரொம்பக் கீழே போகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கேப்போ (தந்திகளை அமுக்கிப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கவ்வி) போடச் சொன்னவர்களுக்கு நன்றி. கிட்டார் கழுத்தில் இரண்டாவது ஃப்ரெட்டில் (கட்டத்தில்) போட்டான். விரல்கள் அதே சி கார்டைப் பிடிக்க, பாட்டின் சுருதி டி-க்கு ஏறிவிட்டது. குரல் திறந்துகொண்டது.

அப்புறம் கிருஷ்ணகிரியில் ஒரு சின்னக் கூடுகையில் பாடினான். மாங்கூழ் ஆலைக்குப் பெங்களூரா மாம்பழம் ஏற்றிப்போகும் லாரிகளைப் பற்றிய பாட்டு. சரணத்தில் தந்தியை அமுக்கிவிட்டு, உள்ளங்கையால் கிட்டார் பலகையில் தட்டினான் பாருங்கள், நம்ம ஊர்ப் பம்பையின் நடை அப்படியே வந்தது! இதை யாரும் சொல்லித்தரவில்லை, அவனுக்கே தோன்றியது. எனக்கு அவ்வளவு பெருமை.

அடுத்து ஒலிப்பதிவு. ஓசூர் பக்கம் குறைந்த செலவில் செய்து தருகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.