கேசிஃபையர் தாருக்கு வினையூக்கியா, ஸ்க்ரப்பரா?

உலைக்கண்:
விறகைக் குறைந்த காற்றில் எரிவாயுவாக்கும் கலன்தான் கேசிஃபையர்; அந்த வாயுவோடு பிசுபிசுப்பான தாரும் வருகிறது. அதை அகற்ற வாயுவைத் தண்ணீர் ஸ்க்ரப்பரில் (திரவம் தெளித்துக் கழுவும் கருவியில்) கழுவும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பேன். கழுவினால் தார் அழிவதில்லை. வாயுவில் இருந்தது தண்ணீருக்கு வருகிறது, அவ்வளவுதான். அப்புறம் அந்த ஃபீனால் என்ற நச்சு கலந்த கழிவுநீரை எங்கே கொட்டுவது? வினையூக்கியான நிக்கல் படுகை வழியே 800 டிகிரியில் அனுப்பினால் தார் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் உடைகிறது. தாரில் இருந்த ஆற்றலும் வாயுவிலேயே தங்குகிறது.

கரிப்படுகை:
அந்த நிக்கல் எவ்வளவு காலம் தாங்கும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. விறகில் கந்தகம் குறைவுதான். ஆனால் அந்தக் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடே நிக்கலின் பரப்பில் ஒட்டிக்கொண்டு வினை நடக்கும் இடங்களை அடைத்துவிடும். அதன்மேல் கரி படியும். சூட்டில் நிக்கல் துகள்கள் ஒன்றாகத் திரண்டு பரப்பும் சுருங்கும். வாயு மேல்நோக்கிப் போகும் கேசிஃபையரில் கன மீட்டருக்குப் பல பத்து கிராம் தார் வரும். அதை நேரே நிக்கலுக்குள் விட்டால் படுகை அடைத்துக்கொள்ளும்.

உலைக்கண்:
நேரே விடச் சொல்லவில்லை. நிக்கலுக்கு முன்னால், சுட்ட டோலமைட்டை (சுண்ணாம்புக்கல் போன்ற ஒரு கல்) வைத்துப் பெரும்பகுதித் தாரை உடைத்துவிட்டு, மிச்சத்தை நிக்கலுக்குக் கொடுக்கலாம். டோலமைட் மலிவு, வீணானால் மாற்றிவிடலாம்.

கரிப்படுகை:
மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் மென்மையான கல். பாய்மப் படுகையில் (அடியிலிருந்து வாயு ஊதித் துகள்களை மிதக்கவிடும் படுகை) போட்டால் உரசிப் பொடியாகிச் சாம்பலோடு பறந்துவிடும். சூடு இறங்கினால் கார்பன் டைஆக்சைடை மறுபடி உறிஞ்சிக் கார்பனேட்டாகிவிடும், வீரியமும் போய்விடும்.

நீராவி:
அதற்குத்தான் ஆலிவின் என்ற கனிமம் இருக்கிறது. டோலமைட் அளவுக்கு வேகம் இல்லை, ஆனால் உரசலைத் தாங்கும். ஆஸ்திரியாவின் கூசிங் விறகு வாயு நிலையத்தில் படுகைப் பொருளே அதுவாகத்தான் இருந்தது. அப்படியும் பின்னால் ரேப்சீட் மெத்தில் எஸ்டர் (தாவர எண்ணெயிலிருந்து செய்யும் திரவம்) ஊற்றும் ஸ்க்ரப்பர் தேவைப்பட்டது. தார் ஏறிய எஸ்டரை உலையிலேயே எரித்துவிட்டார்கள், கழிவுநீர்த் தொல்லை இல்லை.

கரிப்படுகை:
நான் சொல்ல வந்ததும் இதுதான். வாயு எஞ்சினுக்குப் போகிறதென்றால் எப்படியும் குளிர்விக்கத்தான் வேண்டும். பிறகு எதற்கு 800 டிகிரியில் நிக்கலைக் காவல் காப்பது? கேசிஃபையரைச் சரி செய்யுங்கள். வாயுவைக் கீழ்நோக்கி இழுத்து, தணலான கரி வழியே போகவிட்டால் தார் கன மீட்டருக்கு 1 கிராம் அளவுக்கு இறங்கிவிடும்.

உலைக்கண்:
எஞ்சின் கேட்பது 100 மில்லிகிராமுக்குக் கீழே. உங்கள் 1 கிராம் அதைப் போலப் பத்து மடங்கு! சரி, எஞ்சினோடு நின்றால் எண்ணெய் ஸ்க்ரப்பர் போதும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாயுவிலிருந்து திரவ எரிபொருள் செய்யப் போகிறவருக்கு மீத்தேனையும் உடைத்தாக வேண்டும். அதை எந்த ஸ்க்ரப்பரும் செய்யாது, நிக்கல் செய்யும். தண்ணீரில் கழுவுவதை மட்டும் எந்த வேலைக்கும் ஏற்க மாட்டேன்.