சான்ஷிங்துயும் பெரியப்பாவின் பி.வி.சி. குழாயும்

குழு: நம்ம வீடு
சனிக்கிழமை

கவிதா: [புகைப்படம்]

கவிதா: சான்ஷிங்துய் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தாச்சு. சீனாவின் செங்டு நகரில், கிழக்கு நிலையத்திலிருந்து குவாங்ஹான் வடக்குக்கு வேக ரயிலில் இருபது நிமிடம்தான், அப்புறம் டாக்சி. ரோமிங் சிம் என்பதால்தான் இங்கே வாட்ஸ்அப்பே ஓடுகிறது. யாரும் வீடியோ கால் போட்டு டேட்டாவைத் தீர்த்துவிடாதீங்க.

அம்மா: என்னடி இது முகம்? நண்டுக் கண் மாதிரி வெளியே வந்து நிற்கிறது.

கவிதா: இந்த ஊருக்கே அதுதான் அடையாளம் அம்மா. வெண்கல முகமூடி. அகலம் 138 சென்டிமீட்டர், கண்மணி மட்டும் 16 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. மனிதர் யாரும் மாட்டிக்கொள்ள முடியாது. ஓரத்திலும் நெற்றியிலும் சதுரமாக ஓட்டை இருக்கிறது, தூணிலோ வேறெதிலோ பொருத்தி வைத்திருக்கலாம் என்கிறார்கள்.

கார்த்தி: ஏலியன். யூடியூப்பில் பார்த்தேன்.

கவிதா: இன்னும் உன்னைக் காணோமே என்று நினைத்தேன்.

கவிதா: பழங்காலத்தில் இந்தப் பகுதியில் இருந்த ஷூ நாட்டின் முதல் அரசன் சான்சோங் என்று ஒரு கதை உண்டு. அவனுக்குக் கண் மற்றவர்கள் மாதிரி இருக்காதாம். அந்த அரசனின் முகம்தான் இது என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கதை எழுதப்பட்டது கி.பி. 4ஆம் நூற்றாண்டில். முகமூடி அதற்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் மூத்தது.

அத்தை: அப்போ எவ்வளவு பழசு?

கவிதா: மூவாயிரம் வருடத்துக்குமேல் அத்தை. குழிகளில் ஒன்றைக் கார்பன் பரிசோதனை செய்து, கி.மு. 1131க்கும் 1012க்கும் இடைப்பட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

பெரியப்பா: கண்ணு, அந்தக் காது முகத்தோடு சேர்கிற இடத்தைக் கிட்டப் போய் ஒரு போட்டோ எடு. ஜாயிண்ட் தெரிகிறதா பார்க்கணும்.

கவிதா: கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறதுங்க பெரியப்பா. முடிந்தவரை எடுக்கிறேன்.

கவிதா: [புகைப்படம்] [புகைப்படம்]

பெரியப்பா: தெரிகிறது, தெரிகிறது. காதைத் தனியாக வார்த்துச் சேர்த்திருக்கிறான். கண்ணும் அப்படித்தான் இருக்கணும். ஒரே மோல்டில் இதை எடுக்க முடியாது. மெழுகா, களிமண்ணா?

கவிதா: களிமண் அச்சு. சுவாமிமலை மாதிரி மெழுகு வார்ப்பு இல்லை. துண்டு துண்டாக அச்சு செய்து, நடுவில் களிமண் கோர் வைத்து ஊற்றியிருக்கிறார்கள். பெரிய உருப்படி என்றால் ஒரு பாகத்தை முதலில் வார்த்து, அதைப் புது அச்சுக்குள் வைத்து அடுத்த பாகத்தை அதன்மேலேயே ஊற்றிப் பிடிக்க வைப்பது. செம்பு, வெள்ளீயத்தோடு காரீயமும் நிறைய சேர்த்திருக்கிறார்கள்.

பெரியப்பா: காரீயம் இருந்தால்தான் உலோகம் மூலைமுடுக்கெல்லாம் ஓடும். நாங்கள் பவுண்டரியில் கன்மெட்டலுக்கு அதைத்தானே செய்தோம். விஷயம் தெரிந்த ஆள்.

கார்த்தி: ஏலியன் என்றால் தெரியாமல் இருக்குமா?

பெரியப்பா: டேய், இரண்டாவது போட்டோவில் தாடைக்குக் கீழே பார். ஓட்டை விழுந்து மறுபடி ஊற்றி அடைத்திருக்கிற மாதிரி தெரிகிறது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவனுக்கும் வார்ப்பில் ஓட்டை விழுமா?

கார்த்தி: 🙏

சித்தி: தங்கம் ஏதாவது இருக்கிறதா கவிதா?

கவிதா: இருக்கிறது சித்தி. [புகைப்படம்] ஐந்தாம் குழியில் கிடைத்த தங்க முகமூடி. பாதிதான் கிடைத்திருக்கிறது, அதுவே 280 கிராம்.

சித்தி: 35 பவுன்!

கவிதா: முழுசாக இருந்தால் 500 கிராமுக்கு மேல் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் சுத்தம் 84 சதவீதம்தான்.

சித்தி: அப்போ இருபது காரட். நம்ம கடையில் 916 இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கவிதா: 😂 தங்கக் கோல் ஒன்றும் உண்டு. ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தங்கத் தகட்டை மரக்கோலில் சுற்றியிருந்தார்கள். மரம் மக்கிப்போய்த் தகடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதில் மீன், பறவை, அம்பு, கிரீடம் வைத்த தலை எல்லாம் வரைந்திருக்கிறது. இது முதல் குழியில், 1986இல் கிடைத்தது.

அத்தை: குழி, குழி என்கிறாயே. சமாதியா?

கவிதா: இல்லை அத்தை. மனித எலும்பு இல்லை. எட்டுக் குழி, எட்டிலும் பொருள்கள்தான். முதலில் 1929 வாக்கில் ஒரு விவசாயி வாய்க்கால் வெட்டும்போது ஜேட் கல் சாமான்கள் குவியலாகக் கிடைத்தன. அவர் வெளியே சொல்லாமல் இரவில் எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டாராம். அப்புறம் 1934இல் கொஞ்சம் தோண்டினார்கள். பெரிய விஷயம் 1986இல்தான் நடந்தது. ஜூலையில் செங்கல் சூளைக்கு மண் எடுத்தவர்கள் முதல் குழியில் இடித்துவிட்டார்கள், ஆகஸ்டில் இரண்டாவது. மீதி ஆறு குழியும் 2019, 2020இல் கண்டுபிடித்தவை.

அம்மா: அத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் தெரியவில்லையா?

கவிதா: ஆமாம், அந்த இரண்டு குழிக்குப் பக்கத்திலேயேதான். புதுக் குழிகள்மேல் கண்ணாடி அறை கட்டி, ஈரப்பதம், சூடு எல்லாம் அளந்து, கொரோனா வார்டு மாதிரி உடை போட்டுக்கொண்டு தோண்டியிருக்கிறார்கள். சாம்பலில் பட்டுத்துணியின் தடயம்கூடப் பிடித்துவிட்டார்கள்.

கவிதா: [புகைப்படம்]

கவிதா: பெரியப்பா, இந்த வெண்கலச் சிலைக்காரரைப் பாருங்க. பீடத்தோடு 2.62 மீட்டர், ஆள் மட்டும் 1.8 மீட்டர் அளவில். எடை 180 கிலோவாம். வெறுங்கால். கை இரண்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிசு, இரண்டும் வளையம் மாதிரி மூடியிருக்கின்றன. எதையோ பிடித்திருந்திருக்கிறார். அது என்ன என்று யாருக்கும் தெரியாது.

அம்மா: கரும்பு.

சித்தி: பாம்பு.

கார்த்தி: மெட்ரோ ரயிலில் கம்பி.

அத்தை: செங்கோலாக இருக்கும். பக்கத்தில் தங்கக் கோல் கிடைத்தது என்றாளே.

கவிதா: அது வேறு குழி அத்தை, இவர் இரண்டாம் குழிக்காரர். அதுவும் தவிர, வலது கை மேலே, இடது கை கீழே. இரண்டு ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் இல்லை. நேரான கோல் எதுவும் உள்ளே போகாது.

பெரியப்பா: இரு.

கார்த்தி: பெரியப்பா பின்கட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

கவிதா: கார்த்தி?

கார்த்தி: என்னை அந்தச் சிலை மாதிரி நிற்க வைத்து, போட்டோவைப் பார்த்துக் கையைத் திருப்புகிறார். ஒன்றரை இஞ்ச் பி.வி.சி. குழாயைச் சொருகிப் பார்க்கிறார். மணிக்கட்டு போச்சு.

அம்மா: [குரல் செய்தி 0:09]

கார்த்தி: அம்மா சிரிப்பதை யாரும் கேட்க வேண்டாம்.

பெரியப்பா: சோதித்துவிட்டேன். நேர்க்குழாய் போகாது, கவிதா சொன்னது சரி. தென்னை மட்டையை வைத்தேன், வளைவு சரியாக உட்கார்ந்தது. வளைந்த சாமான்தான் பிடித்திருக்கிறான்.

கவிதா: பெரியப்பா!! யானைத் தந்தம் என்று சொல்கிறவர்கள் அதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். குழிகளில் வெண்கலத்துக்கு மேலே அடுக்கடுக்காகத் தந்தம் கிடைத்திருக்கிறது. கையில் ஒன்றுமே இல்லை, அது ஒரு சடங்கு முத்திரை என்று சொல்கிறவர்களும் உண்டு.

அத்தை: தந்தத்துக்கு அங்கே யானை ஏது?

கவிதா: அந்தக் காலத்தில் சீனாவில் இப்போது இருப்பதைவிட ரொம்ப வடக்கு வரைக்கும் யானை இருந்தது அத்தை. சோழிதான் எனக்கு ஆச்சரியம். வெண்கலப் பாத்திரத்துக்குள் சோழி போட்டு வைத்திருந்திருக்கிறார்கள். இங்கிருந்து கடல் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல்.

சித்தி: யார் ராஜா, பேர் என்ன, ஒன்றும் எழுதி வைக்கவில்லையா?

கவிதா: எழுத்து என்று சொல்கிற மாதிரி எதுவும் இதுவரை கிடைக்கவில்லை சித்தி. இதே சமயத்தில் வடக்கே ஆன்யாங்கில் ஷாங் அரசர்கள் மாட்டெலும்பிலும் ஆமை ஓட்டிலும் குறி கேட்டு எழுதித் தள்ளியிருக்கிறார்கள். பல்வலிக்குக்கூடக் குறி கேட்டிருக்கிறார்கள். இங்கே இவ்வளவு வார்த்துவிட்டு ஒரு வரி இல்லை.

கவிதா: [புகைப்படம்] இது வெண்கல மரம். 3.96 மீட்டர். மூன்று அடுக்கு, ஒன்பது கிளை, கிளைக்கு ஒரு பறவை. அடிமரத்தில் ஒரு டிராகன் தலைகீழாக இறங்குகிறது. உச்சி கிடைக்கவில்லை. பழைய சீனக் கதையில் பத்துச் சூரியன் ஒரு மரத்தில் இருக்கும், ஒன்பது கீழ்க்கிளையில், ஒன்று மேலே. அதனால் பத்தாவது பறவை அந்த உச்சியில் இருந்திருக்கலாம் என்று ஊகம். குழியில் இது நொறுங்கித்தான் கிடந்தது, ஒட்டி நிறுத்த வருடக்கணக்காகியிருக்கிறது.

பெரியப்பா: மண் அழுத்தி நொறுங்கியதா?

கவிதா: கொஞ்சம் அப்படியும் இருக்கலாம். ஆனால் நிறைய உருப்படிகளைப் புதைக்கும் முன்பே உடைத்து, எரித்திருக்கிறார்கள். சிலது தீயில் உருகி வளைந்தே போயிருக்கிறது. ஒரே சிலையின் துண்டுகள் வேறு வேறு குழியில் கிடக்கின்றன. பறவைக் கால் மட்டும் 1986இல் இரண்டாம் குழியில் கிடைத்தது. அதன் மேல் உடம்பு எட்டாம் குழியிலிருந்து வந்தது. இரண்டையும் 2022இல் சேர்த்துப் பார்த்தார்கள், பொருந்திவிட்டது.

பெரியப்பா: எனக்கு இதுதான் கண்ணு பிடிபடவில்லை. உடைத்தான், சரி. எரித்தான், சரி. அப்புறம் உருக்கியிருக்கணுமே? செம்பும் வெள்ளீயமும் சும்மா கிடைக்கிற சாமானா? சுரங்கம் வெட்டி, கல்லை உருக்கி, சுமந்து கொண்டுவந்தது. எதிரி வந்து உடைத்தான் என்றால் அள்ளிக்கொண்டு போயிருப்பான். கொள்ளைக்காரன் தங்கத்தை விடுவானா? ஸ்கிராப்பைக் குழி வெட்டி அடுக்கிப் புதைக்கிறவனை நான் பார்த்ததில்லை.

அத்தை: அண்ணா, பின்னமான சாமி சிலையை நாம் எடைக்குப் போடுவோமா? ஆற்றில்தானே விடுகிறோம்.

பெரியப்பா: அது தானாகப் பின்னமானது. இது வேண்டும் என்றே உடைத்தது.

அத்தை: பழைய சாமி வேண்டாம் என்று முடிவான பிறகும் அதை உருக்கிப் பானை செய்யக் கை வராது. நான் சொல்வது அவ்வளவுதான்.

கவிதா: அத்தை சொல்வதற்குக் கிட்டத்தட்ட ஒரு கருத்து இங்கேயும் இருக்கிறது. அரச வம்சமோ பூசாரி குடும்பமோ மாறியபோது, பழைய கோயில் சாமான்களைச் சடங்காக முடித்துவைத்திருக்கலாம் என்று. படையெடுப்பு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பெரியப்பா கேட்ட கேள்விக்கு அவர்களிடம் நல்ல பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பெரியப்பா: சரி, அத்தைக்கு இந்த ரவுண்டு.

அம்மா: காலையிலிருந்து சிலையையே பார்க்கிறாயே, ஏதாவது சாப்பிட்டாயா?

கவிதா: [புகைப்படம்]

அம்மா: கடவுளே, அந்த முகமூடியையே தின்கிறாளே!

கவிதா: ஐஸ்கிரீம் அம்மா. அச்சு அசலாக முகமூடி மாதிரியே விற்கிறார்கள். சுமார்தான், ஆனால் எல்லோர் கையிலும் ஒன்று இருக்கிறது.

பெரியப்பா: இது மட்டும் ஒரே மோல்டு.

சித்தி: வரும்போது எனக்கு ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற மாதிரி ஏதாவது வாங்கிவா. தங்க முகமூடிதான் வேணும்.

கவிதா: சரி சித்தி. இந்தக் கட்டிடம் 2023இல் திறந்தது, பெரிசு. கூட்டமும் அதிகம். பெரிய சிலைகள் இருக்கும் கூடத்தில் போட்டோவுக்கு அடிதடி. ஜேட் கூடத்தை ஓட்டமாகத்தான் பார்த்தேன், சொல்ல ஒன்றும் இல்லை. யாராவது வருவதாக இருந்தால் பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்னாலேயே டிக்கெட் எடுத்துவிட்டு வாங்க.

கவிதா: அடுத்த வாரம் ஜின்ஷா போகலாம் என்று இருக்கிறேன். செங்டு நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, 2001இல் கட்டிட வேலை நடக்கும்போது கிடைத்த இடம். சான்ஷிங்துய்க்குக் கொஞ்சம் பிந்தியது. அங்கேயும் ஒரு வெண்கல மனிதன் இருக்கிறான். பீடத்தில் பொருத்தும் முனையோடு சேர்த்தே 20 சென்டிமீட்டருக்குள். ஆனால் கை இரண்டும் இதே மாதிரி.

பெரியப்பா: இதே மாதிரி என்றால்? ஓட்டை நேராக இருக்கிறதா, கோணலா?

கவிதா: போய்ப் பார்த்துச் சொல்கிறேனுங்க.

பெரியப்பா: பக்கவாட்டில் நின்று எடு கண்ணு. முன்னால் நின்று எடுத்தால் கோணம் தெரியாது.

கார்த்தி: அடுத்த வாரம் நான் ஊரில் இல்லை.