பெரியப்பா காதில் சில்வண்டு

குழு: தறிக்கார வீடு

பெரியப்பா (இரவு 2:10): யாராவது முழித்திருக்கிறீர்களா? காதுக்குள் சில்வண்டு கத்துகிற மாதிரி கீ... என்று ஒரே இரைச்சல். பத்து நாளாகத் தூக்கமே இல்லை.

அத்தை (காலை 5:40): அண்ணா, எண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி இரண்டு சொட்டு விடுங்க.

நான் (5:52): ஐயோ அத்தை, வேண்டாம். ஜவ்வில் ஓட்டை இருந்தால் உள்ளே இறங்கிப் புண்ணாகிவிடும். பெரியப்பா, ஒரு காதிலா, இரண்டிலுமா? தலை சுற்றுகிறதா? நாடி துடிப்பதோடு சேர்ந்து அடிக்கிறதா?

பெரியப்பா: இரண்டிலும்தான் கண்ணு. சுற்றல் இல்லை, ஒரே சீரான சத்தம். காது டாக்டரிடம் காட்டினேன். அழுக்கு இல்லையாம். 30 வருஷம் தறிக்குடோனில் நின்றதில் கீச்சுச் சத்தங்கள் கேட்பது குறைந்துவிட்டதாம். மாத்திரையில் போகாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார். எப்படிப் பழகுவது என்று சொல்லவில்லை.

நான்: அந்த எப்படிதான் முக்கியம் பெரியப்பா. எனக்கும் 2 வருஷமாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச்செல்கள் சத்தத்தில் தேய்ந்துவிட்டன. வராத சத்தத்தைத் தேடி மூளை தானே வால்யூமைக் கூட்டி வைக்கிறது. ஸ்டேஷன் எடுக்காத ரேடியோ இரைகிற மாதிரி. அறை அமைதியாக இருந்தால் அதுதான் பெரிதாகக் கேட்கும்.

நான்: அதனால் ராத்திரி ஏதாவது ஒரு சின்னச் சத்தம் ஓடட்டும். நான் டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். காற்று மேலே படாது, சத்தம் மட்டும் வரும். ஆனால் சில்வண்டை மூழ்கடிக்கிற அளவுக்கு வைக்காதீர்கள். அதைவிட ஒரு படி கீழே, இரண்டும் கேட்கிற மாதிரி. அதுவும் காதில் விழுந்துகொண்டே இருந்தால்தான் இது ஆபத்தில்லாத சத்தம் என்று மூளை விட்டுவிடும். வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில்கூட.

தம்பி: பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தால்?

நான்: கூடாது. வெளிச்சத்தம் அடங்கினால் உள்சத்தம்தான் ஓங்கும். தறி ஓடும் இடத்தில் மட்டும் காது மூடி கட்டாயம், அங்கே பஞ்சு போதாது. 85 டெசிபலில் 8 மணி நேரம் நின்றாலே காதுக்குக் கேடு, தறிச் சத்தம் அதற்கும் மேல்.

நான்: அப்புறம், தூக்கம் வராவிட்டால் சத்தம் இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டே படுத்திருக்காதீர்கள். எழுந்து திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து படுங்கள். என்றைக்காவது ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் மட்டும் சளி என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

பெரியப்பா: சரி கண்ணு.

(மூன்று வாரம் கழித்து)

பெரியப்பா (காலை 6:15): ஃபேன் சரிப்படவில்லை. பழைய ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் திருப்பி மெதுவாக வைத்தேன். 3 மணிக்கு உன் பெரியம்மா எழுப்பி, இதை அணையுங்கள் என்றாள். எழுப்பினபோதுதான் தெரிந்தது, தூங்கியிருக்கிறேன்.

நான்: பெரியம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அணைக்க வேண்டாம். காது மெஷின் பார்க்க எந்தக் கிழமை போகலாம்? கேட்கிற சத்தம் கூடினால் இரைச்சலும் கொஞ்சம் அடங்கும்.

பெரியப்பா: வியாழன் தறிக்கு லீவு. அன்றைக்கு வா.