நேபாளத்துக்குச் சேவைப் பயணம்: 14 மாணவர்கள், எதிலிருந்து தொடங்குவது?

களுவாஞ்சிக்குடி டீச்சர்
அரச பாடசாலையில் படிப்பிக்கிறேன். 15 முதல் 18 வயதுக்குட்பட்ட 14 பிள்ளைகளை ஏப்ரல் விடுமுறையில் 10 நாள் நேபாளம் கூட்டிப்போக யோசனை. ஏற்பாட்டாளர் ஒருவர் தந்த நிரலில் காத்மண்டுவுக்குக் கிட்ட ஒரு பாடசாலைக்கு வர்ணம் பூசுவதும், ஒரு சிறுவர் இல்லத்தில் மூன்று நாள் பிள்ளைகளோடு இருப்பதும் இருக்கின்றன. ஒருவரிடமும் பாஸ்போட் இல்லை. நாலு பேரின் தகப்பன்மார் கட்டாரிலும் சவூதியிலும். எதை முதலில் தொடங்க வேண்டும்?

வாவிக்கரை
அந்த நாலு பிள்ளைகளிலிருந்து தொடங்குங்கள் டீச்சர். 16 வயதுக்குக் குறைந்தவருக்குப் பாஸ்போட் எடுக்கவே தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும். 18 ஆகாத எல்லோருக்கும், உங்களோடு பயணம் போகச் சம்மதம் என்ற கடிதமும் கையில் இருக்கட்டும். இங்கே இருப்பவர்கள் சமாதான நீதவான் முன் கையெழுத்து வைக்கலாம். வளைகுடாவில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி, மூலப்பிரதியை அனுப்ப வேண்டும். அவருக்கு லீவு வெள்ளிக்கிழமை, தூதரகமும் அன்றைக்குப் பூட்டு. இந்த ஒரு கடிதத்துக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

அடுத்தது பெயர். நம்மிடம் பிறப்புச் சான்றிதழ் தமிழில். ஆங்கிலத்தில் அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பாடசாலை இடாப்பில் இன்னொரு எழுத்து. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் மூன்றாவதாக ஒன்றைப் போட்டுவிடுவார். அடையாள அட்டை உள்ள பிள்ளைக்கு அதிலுள்ள எழுத்தையே மொழிபெயர்ப்பிலும் போடச் சொல்லுங்கள். படம் குடிவரவுத் திணைக்களத்தில் பதிவுபெற்ற ஸ்டூடியோவில் மட்டும். பாஸ்போட் வந்த பிறகே டிக்கெட்டில் பெயர் ஏற வேண்டும். குழு முன்பதிவாகக் கேட்டால் இடத்தை முதலில் பிடித்துவிட்டுப் பெயரைப் பிறகு கொடுக்கலாம்.

உங்கள் வெளிநாட்டு விடுமுறையும் பிள்ளைகளின் பயண அனுமதியும் இரண்டு தனிக் கோவைகள். அதிபர், பட்டிருப்புக் கல்வி வலயம், திருகோணமலையில் மாகாணக் கல்வித் திணைக்களம் என்று இரண்டும் ஏறிப் போக வேண்டும். ஒன்று வந்துவிட்டதென்று மற்றதைக் கவனிக்காமல் விடாதீர்கள்.

டெல்லி வழியாக மலிவு டிக்கெட் என்று யாரும் சொன்னால், இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டிலா என்று கேளுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி எடுக்க இந்தியக் குடிவரவைத் தாண்ட வேண்டும். அதற்கு எல்லோருக்கும் இந்திய விசா வேண்டும்.

உப்போடை
பத்திரத்துக்கு முன்னால் நிரலைத் திருத்த வேண்டும். சிறுவர் இல்லத்தை எடுத்துவிடுங்கள். நேபாளத்தில் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். வெளிநாட்டவர் வந்து காசு கொடுப்பதால்தான் கிராமத்திலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து நிரப்பும் தரகர்கள் உருவானார்கள். மூன்று நாள் மடியில் இருத்திவிட்டு நாலாம் நாள் போய்விடும் ஆட்கள் அந்தப் பிள்ளைக்கு என்ன நன்மை? 2004 சுனாமிக்குப் பிறகு கமராவோடு வந்துபோன குழுக்களை நாவலடியும் கல்லடியும் பார்த்தன. நாம் அதே வேலையைச் செய்யக் கூடாது.

விசா: சார்க் நாட்டவர் என்பதால் அந்த ஆண்டின் முதல் பயணத்துக்கு 30 நாள் விசா இலவசம். ஆனால் அது சுற்றுலா விசா. அதில் சம்பளமில்லாத வேலையும் செய்யக் கூடாது. ஏற்பாட்டாளர் "ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்" என்றால் அவரை விட்டுவிடுங்கள். மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பாசிரியர்.

திகதியும் இடிக்கும். ஏப்ரல் நடுவில் அவர்களுக்கும் புத்தாண்டு. புதிய கல்வியாண்டும் அதோடுதான் தொடங்குகிறது. நம் விடுமுறையில் அங்கே வகுப்பறை காலியாக இருக்கக்கூடும். ஓகஸ்ட் மழைக்காலம், மலைப்பாதையில் மண்சரிவு. டிசம்பர் குளிர், ஆனால் வானம் வெளித்திருக்கும். எதுவானாலும் அந்தப் பாடசாலையின் நாட்காட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சனிக்கிழமை அங்கே விடுமுறை, அன்று வேலை போடாதீர்கள்.

களுவாஞ்சிக்குடி டீச்சர்
அப்படியென்றால் பிள்ளைகள் அங்கே போய் என்னத்தைச் செய்வது?

உப்போடை
வர்ணம் பூச அங்கே தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அந்தக் காசை அவர்களுக்குக் கூலியாகக் கொடுத்தால் சுவரும் ஒழுங்காக வரும். உங்கள் பயணத்தை இரண்டு பாடசாலைகளின் பரிமாற்றமாக அமையுங்கள். அழைப்புக் கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். அங்கே 2015 நிலநடுக்கம், இங்கே சுனாமி. அனர்த்த ஒத்திகை, வெளியேறும் வழி வரைபடம், முதலுதவி என்று இரு பக்கப் பிள்ளைகளும் சேர்ந்து செய்ய நாலு நாளுக்கு விஷயம் இருக்கிறது. சேவை வேலையை இங்கே மட்டக்களப்பில் போவதற்கு முன்னும் வந்த பின்னும் செய்யலாம், அதற்கு விசா தேவையில்லை.

அக்கரைப்பற்று தாதி
ஆள்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 14 பேருக்குப் பெரியவர்கள் மூவர், ஒருவராவது பெண். ஒரு பிள்ளையை வைத்தியசாலையில் வைத்தால் ஒருவர் அங்கே நிற்க, மிச்சப் பிள்ளைகளோடு இருவர் வேண்டும். இருவர் மட்டும் போனால் அந்த இடத்தில் பயணமே நின்றுவிடும்.

டைபாய்ட் ஊசி புறப்பட இரண்டு வாரத்துக்கு முன்பாவது. குழாய்த் தண்ணீர் பல் துலக்கவும் வேண்டாம். ஜீவனி பொதி (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கலவை) ஆளுக்கு நாலு. வயிற்றோட்டம் கட்டாயம் யாருக்காவது வரும். கோயில்களில் குரங்கு, தெருவில் நாய். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே விசர்நோய்த் தடுப்பூசிக்கு. பிள்ளை பயத்தில் மறைக்கும், அதனால் இதைப் புறப்படுமுன்பே சொல்லி வையுங்கள்.

காத்மண்டு 1,400 மீற்றர் அளவில்தான், மூச்சுக்குப் பயமில்லை. 2,500 மீற்றருக்கு மேல் கூட்டிப்போவதாக நிரலில் இருந்தால் வெட்டுங்கள், காப்புறுதியும் அந்த உயரத்துக்கு இல்லாமல் போகலாம். போக்கரா 200 கிலோமீற்றர்தான், ஆனாலும் முழுப் பகல் எடுக்கும். இரவு பஸ் வேண்டவே வேண்டாம்.

நம் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் வந்தால் ஹலால் இறைச்சியைத் தேடி அலையாமல் பருப்பும் சோறும் மரக்கறியும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அதுதான் அங்கே எல்லா வீட்டுச் சாப்பாடும். இலங்கை ரூபாயை அங்கே மாற்றுவது கஷ்டம். டொலரை இங்கேயே வங்கியில் டிக்கெட்டையும் பாஸ்போட்டையும் காட்டி எடுங்கள், மூன்று பெரியவர்களிடமும் பிரித்து வையுங்கள்.