ஒரே கப்பல், ஒரே கயிறு, இரண்டு சம்பளம்

கடலோடி (கேள்வி):
பதினோரு ஆண்டுகளாகச் சரக்குக் கப்பல்களில் மாலுமியாக இருக்கிறேன். போன ஒப்பந்தத்தில் நார்வேக்காரர் ஒருவரும் நானும் ஒரே பதவி. கரையில் கப்பலைக் கட்டும்போது பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் கயிற்றைக் கையாள்வோம். அது அறுந்து தெறித்தால் யார் எந்த நாடு என்று பார்க்காது. அவருடைய சம்பளச் சீட்டு ஒருநாள் தற்செயலாகக் கண்ணில் பட்டது. என்னுடையதைப் போல இரண்டரை மடங்கு! அவர் எட்டு வாரம் கப்பலில், எட்டு வாரம் வீட்டில். நான் தொடர்ந்து ஒன்பது மாதம். அவர்மேல் எனக்குக் குறையில்லை, தங்கமான மனிதர். இது சட்டப்படி சரிதானா என்றுதான் கேட்கிறேன்.

பழைய அதிகாரி:
சரிதான், தம்பி. நார்வே 1987இல் பன்னாட்டுக் கப்பல் பதிவேடு என்று இரண்டாவதாக ஒன்றைத் திறந்தது. அதில் பதிந்த கப்பலில் வெளிநாட்டு மாலுமிக்கு அவர் நாட்டுச் சங்கத்தோடு பேசிய சம்பளம் கொடுக்கலாம். டென்மார்க் 1988இலும் மேற்கு ஜெர்மனி 1989இலும் இதே வழிக்கு வந்தன. கப்பல் முதலாளிகள், செலவு குறையும் என்று பனாமா, லைபீரியா கொடிக்கு, அதாவது அந்த நாடுகளின் பதிவேட்டுக்கு, ஓடிவிடாமல் பிடித்துவைக்கச் செய்த ஏற்பாடு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வழியாக உலகம் முழுவதற்கும் குறைந்தபட்சச் சம்பளம் பேசுவது நம் தொழிலில்தான். 2021 ஜனவரியில் அது மாதம் 641 டாலர், அடிப்படைச் சம்பளம் மட்டும். பிறகு கொஞ்சம் ஏறியது.

கணக்கன்:
வாழ்க்கைச் செலவையும் பாருங்கள். உங்கள் டாலர் உங்கள் ஊரில் அதிகம் வாங்கும்.

கடலோடி:
கணக்கன் ஐயா, நீங்கள் சொல்வது எனக்கும் தெரியும். ஆனால் முதலாளி சரக்குக் கட்டணத்தை என் நாட்டு விலைவாசி பார்த்தா வாங்குகிறார்? அந்த நார்வேக்காரர் ஓய்வுபெற்றதும் தாய்லாந்தில் குடியேறப் போவதாகச் சொன்னார். அதற்காக அவர் சம்பளத்தை யாரும் குறைக்கவில்லை. நான் ஆஸ்லோவில் குடியேறி அங்குள்ள செலவைச் செய்கிறேன் என்றால் விசா கிடைக்காது. மலிவான இடத்தில் வாழ்வது எனக்கு விதி, அவருக்கு வசதி.

துறைமுகத்தான்:
பணக்கார நாட்டு மாலுமியும் நிம்மதியாக இல்லை. 2022 மார்ச்சில் பிரிட்டனில் பி அண்ட் ஓ ஃபெர்ரிஸ் என்ற படகுப் போக்குவரத்து நிறுவனம் 786 பேரை ஒரே நாளில் நீக்கிவிட்டு முகவர் வழியாக ஆள் எடுத்தது. புதியவர்களுக்குச் சராசரியாக மணிக்கு 5.50 பவுண்டு என்று அதன் தலைவரே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். பிரிட்டனின் குறைந்தபட்ச ஊதியம் அப்போது 8.91. உங்கள் குறைந்த சம்பளத்தைக் காட்டித்தான் அவர்களை மிரட்டுகிறார்கள்.

கடலோடி:
இதை நான் யோசிக்கவில்லை. அடுத்த மாதம் வேறு கப்பலில் ஏறுகிறேன். மாலுமிகளின் சம்பளத்துக்காகப் பேசும் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் ஒப்பந்தம் அந்தக் கப்பலுக்கு உண்டா என்று முகவரிடம் கேட்டேன். “அதெல்லாம் உங்களுக்கு எதற்கு?” என்றார்.

பழைய அதிகாரி:
கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள், ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அந்த உரிமையைக் கொடுக்கிறது. வேலை பிடித்துக் கொடுத்ததற்கு மாலுமியிடம் பணம் வாங்கவும் கூடாது. அந்த முகவர் எவ்வளவு கேட்டார்?